சுண்ணப்பூச்சில் ஒரு கோடு

நுழையும்முன்

பொன்மலை என்றதும் இரயில்வே பணிமனை நினைவுக்கு வரும். அப்பணிமனையின் வாயிலை நாள்தோறும் கடந்த மிதிவண்டிகளைப் பற்றியும், பந்தய மிதிவண்டியின் உதிரிப் பாகங்களை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவைத்து, பின்னர் அவற்றை விற்க நேர்ந்த ஒரு தொழிலாளியைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது.

திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப்பட்டியில் உள்ள ஓர் ஓட்டு வீட்டில், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டி வெளியே இழுக்கப்பட்டது. பெட்டிக்குரியவர் பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். எதிரே பதினோராம் வகுப்புப் படிக்கும் பேத்தி, கோடு போட்ட தாளும் பேனாவுமாக அமர்ந்திருந்தாள். பெரியவர் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பெயர் சொன்னார். அவள் வரிசை எண்ணிட்டு எழுதினாள். அது விற்பனைக்கான பட்டியல்.

"தாத்தா, இந்த ரெண்டு பெடலும் ஒண்ணுபோலத்தானே இருக்கு? ஒரே வரியில எழுதிடவா?"

"எழுதாதம்மா. இடது பக்கத்துப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் ஓடும். மிதிக்க மிதிக்க அதுவா கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கான். தனித்தனியா எழுது."

வீட்டின் ஓடுகள் பல இடங்களில் உடைந்திருந்தன. கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுவிடலாம் என்று மகள் முடிவெடுத்திருந்தாள். ஓய்வூதியமும் மகளின் ஊதியமும் சேர்ந்தும் அச்செலவை எட்டவில்லை. பெட்டியை விற்கலாம் என்று முதலில் சொன்னவர் பெரியவரே. ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மறு கண்ணுக்கும் நாள் குறித்தாயிற்று. இனிமேல் அந்தப் பாகங்களைக் கோத்து ஒரு வண்டியாக்கி ஓட்டப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பொன்மலைக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு ஏறக்குறைய பணிமனையின் வயதுடையது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம், நாகப்பட்டினத்தில் நடத்திவந்த தன் பணிமனையை 1928ஆம் ஆண்டு பொன்மலைக்குக் கொண்டுவந்தது. குன்றைச் சுற்றியிருந்த பொட்டல், சில ஆண்டுகளில் மர நிழல் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்பாயிற்று. நீராவி இன்ஜின்களைப் பிரித்துச் சீராக்கிய இதே பணிமனைதான், பின்னாளில் நீலகிரி மலை இரயிலுக்கெனப் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து கொடுத்தது. காலைச் சங்கு ஊதுமுன் வாயிலை நோக்கித் திரளும் மிதிவண்டிகளின் மணியோசையே அவ்வூரின் திருப்பள்ளியெழுச்சி. மாலையில் வாயில் திறந்ததும் வெள்ளம்போல் வெளிவரும் வண்டிகளுக்கு வழிவிட்டுப் பேருந்துகள் ஒதுங்கி நிற்பதுண்டு. பாடநூல்கள் மிதிவண்டி என்று எழுதினாலும் பொன்மலையில் அது சைக்கிள்தான்; மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வெள்ளத்தில் பலவகை வண்டிகள் இருந்தன. இங்கிலாந்தின் ராலே சிலரிடம் இருந்தது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் பலரிடம் இருந்தது. பி.எஸ்.ஏ. பாகங்களில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும் முத்திரையைக் காணலாம். பர்மிங்காமில் துப்பாக்கி செய்து கொண்டிருந்த நிறுவனம் மிதிவண்டிக்கு மாறியதன் அடையாளம் அது. எல்லாம் கனத்த வண்டிகள். நெல்மூட்டையும் சுமக்கும், இரண்டு பிள்ளைகளையும் சுமக்கும். அவற்றின் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் சிறிய இரும்பு ஆப்பு. அது தேய்ந்துவிட்டால் மிதிக்கும்போதெல்லாம் 'டக் டக்' என்று ஓசை வரும். அந்த ஓசையைக் கேட்டே யாருடைய வண்டி தெருவில் நுழைகிறது என்று சொல்லிவிடும் வீட்டார் இருந்தனர்.

பெரியவர் இளைஞராக இருந்தபோது அவருக்குப் பந்தயத்தில் ஆர்வம் பிறந்தது. சங்கு ஊதுமுன், விடியற்காலை இருட்டில் தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடி வரை மிதித்துத் திரும்புவார். குளித்துவிட்டு வேலைக்குப் போவார். ஊர்த் திருவிழாக்களிலும் விடுதலை நாளிலும் நடக்கும் பந்தயங்களில் கனத்த வண்டியைக் கொண்டே இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என வாங்கினார். முதலிடம் பெறுவோரிடம் வேறொரு வண்டி இருந்தது. அதில் காட்டர் பின் இல்லை. கிராங்க் அலுமினியக் கலவையால் ஆனது. நான்கு பக்கமும் சரிந்த அச்சின் மீது ஒரே திருகாணியால் இறுக்கப்படும். ஓடும்போதே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கியர் மாற்றி பின்புறம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றத் திருப்புளியோ சாவியோ வேண்டியதில்லை; ஒரு நெம்பியை மடித்தால் போதும்.

அந்த நெம்பிக்கு ஒரு கதை சொல்வார்கள். இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ காம்பன்யோலோ 1927இல் பனி மூடிய மலைக்கணவாய் ஒன்றில் சக்கரத்தைக் கழற்ற முயன்றாராம். குளிரில் விறைத்த விரல்களால் மரையைத் திருக முடியாமல் பந்தயத்தையே இழந்தாராம். கதை எப்படியிருந்தாலும், அவர் 1933இல் விச்சென்சா நகரில் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார் என்பது வரலாறு. அதன் பாகங்களே பின்னர் உலகின் பந்தய மிதிவண்டிகளுக்கு அளவுகோலாயின. பெரியவர் நாவில் அப்பெயர் என்றும் 'கம்பனோலா'தான்.

அயல்நாட்டுப் பொருள்களை எளிதில் இறக்குமதி செய்ய இயலாத காலம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த தாய்மாமன் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மற்றவர்கள் வானொலிப் பெட்டியும் நைலக்ஸ் புடவையும் கேட்டபோது, மருமகன் ஒரு துண்டுத்தாளில் படம் வரைந்து கொடுத்தனுப்பினார். ஒரு வருகையில் ஹப் இரண்டு வந்தன. அடுத்ததில் கியர் மாற்றி. அதன் மேல் 'பேட். 78' என்று பொறித்திருந்தது. அந்த எண் 1978ஐக் குறிக்கும் என்பது சேகரிப்போருக்கு மனப்பாடம். கிராங்க் வந்து சேர்வதற்குள் அவருக்குத் திருமணமாகி மகளும் பிறந்துவிட்டாள். அந்தக் கிராங்கை மாட்டி அவர் ஓட்டியது மூன்று ஆண்டுகள்தாம். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வண்டியின் சட்டத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டுப் பாகங்களை மட்டும் கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அதன்பின் எங்கு பழைய பாகம் கண்ணில் பட்டாலும் வாங்கினார். ஞாயிறுதோறும் கூடும் பொன்மலைச் சந்தையில் துருவேறிய இரும்புக் குவியலுக்கு நடுவே கிடந்த புரூக்ஸ் தோல் இருக்கை ஒன்றையும் அப்படித்தான் எடுத்துவந்தார்.

விற்பது என்று முடிவானதும் முதலில் வந்தவர் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி. பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எடைக்கு ஒரு விலை சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய தராசு எடையை மட்டுமே அறியும். இரண்டாவதாக, பேத்தி கைப்பேசியில் எடுத்த படங்களைப் பார்த்துப் பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். பழைய பந்தய மிதிவண்டி ஒன்றை அக்காலப் பாகங்களைக் கொண்டே முழுமையாக்கி வருபவர். கிராங்க், கியர் மாற்றி, ஹப், பிரேக் எல்லாம் ஒரே தொகுதியாக இருப்பதால் ரூ.80,000 தருவதாகச் சொன்னார். சேகரிப்பு உலகில் தொகுதிக்குத்தான் விலை. ஒரு துண்டு குறைந்தாலும் விலை பாதியாகச் சரியும்.

"அலமாரியில வைக்க இல்ல சார். நந்தி மலைக்கு இதுலதான் ஏறி இறங்கணும்னு ஆசை" என்றும் அவர் சொன்னார். பெரியவரை உறங்கவிடாமல் செய்தது அந்தச் சொல்தான்.

கிராங்கின் தலைப்பகுதியிலிருந்து ஐந்து விரல்கள்போல் ஐந்து கரங்கள் விரியும்; அவற்றின் நுனியில்தான் பல்சக்கரங்கள் திருகப்பட்டிருக்கும். கையும் விரல்களும் சேரும் இடுக்கில் நாளடைவில் விரிசல் விழுவது இவ்வகைக் கிராங்குகளின் குறை. மலையேறுவோர் எழுந்து நின்று மிதிக்கும்போது உடலின் முழு எடையும் அவ்விடத்தில் இறங்கும். அங்கே முறிந்தால் ஓட்டுபவர் விழுவது திண்ணம்.

விரிசலைக் கண்ணால் தேடிப் பயனில்லை. பணிமனையில் அவர் பழகுநராகச் சேர்ந்தபோது மூத்த தொழிலாளர்கள் கற்றுத்தந்த முறை ஒன்று உண்டு. நீராவி இன்ஜின் காலத்திலேயே உலகெங்கும் இரயில்வே பணிமனைகளில் வழங்கிய முறை அது. சோதிக்க வேண்டிய பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைக்க வேண்டும். பிறகு ஈரம் சிறிதுமின்றித் துடைத்து, சுண்ணத்தூளை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூச வேண்டும். பூச்சு உலர்ந்து வெளுத்ததும் மரச்சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். விரிசல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் கறுத்த கோடாகத் தெரியும். இன்று அச்சுகளை மீயொலியால் சோதிக்கிறார்கள். காந்தத்தால் சோதிக்கும் முறையும் உண்டு. ஆனால், அது இரும்புக்கு ஆகுமே தவிர அலுமினியத்திடம் செல்லாது. ஆகவே, பழைய முறையே கைகொடுத்தது.

மண்ணெண்ணெய் அடுத்த தெருவிலிருந்து வந்தது. ஸ்பிரிட்டை மருந்துக் கடையில் வாங்கினார்கள். சுண்ணக்கட்டியைப் பேத்தி அம்மியில் நுணுக்கித் தந்தாள். ஓர் இரவு ஊறிய கிராங்கைத் துடைத்துப் பூசி, திண்ணை வெயிலில் வைத்தார்கள். பெரியவர் சுத்தியால் மூன்று முறை தட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில், "தாத்தா, முடி ஒட்டியிருக்கு" என்று பேத்தி விரலை நீட்டினாள். அது முடியன்று. இடுக்கில் தொடங்கிய கோடு விளிம்பைத் தாண்டி மறுபக்கமும் இறங்கியிருந்தது.

அந்தக் கிராங்கின் மீது மூன்று ஆண்டுகள் எழுந்து நின்று மிதித்தவர் அவர். விரிசல் எந்த நாளில், எந்த ஏற்றத்தில் விழுந்தது என்று கோடு சொல்லாது. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெங்களூருக்குப் பேசச் சொன்னார்.

"போட்டோவுல ஒண்ணும் தெரியலையே சார்" என்றார் அவர்.

"போட்டோவுல தெரியாதுங்க தம்பி. சுண்ணாம்புல தெரிஞ்சுது."

"அரத்தால தேய்ச்சு எடுத்துட்டா ஓட்டலாம்னு சொல்றாங்களே?"

"மேலாப்புல இருந்தாத் தேய்க்கலாம். இது உள்ள போயி அந்தப் பக்கம் வந்திடுச்சு."

மறுமுனையில் சிறிது அமைதி நிலவியது. பின் அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். கிராங்க் இல்லாமல் மற்றவற்றை மட்டும் அனுப்பினால் ரூ.45,000. விரிசல் விட்ட கிராங்கையும் சேர்த்து அனுப்பினால் பேசிய தொகையே தருவார். ஆனால், ஓட்டமாட்டார், கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார். நேர்மையான பேச்சு. பெரியவர் மறுநாள் சொல்வதாகக் கூறினார்.

"குறைய மறைக்காமச் சொல்லிட்டீங்க. அவரும் தெரிஞ்சேதான் கேட்குறார். அப்புறம் என்னப்பா யோசனை?" என்றாள் மகள். அவள் கேட்டதில் பிழையில்லை. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவில் எழுந்து, ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைப்பவள் அவள்தான்.

"அவருக்குத் தெரியும்மா. நாளைக்கு அவர்கிட்ட வாங்குறவனுக்கு யார் சொல்லுவா?"

"அதை எழுதி ஒட்டி அனுப்புங்க."

"காகிதம் கிழிஞ்சு போகும்."

மகள் அதன்பின் பேசவில்லை. கோபம் இருந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பணிமனையில் 'கண்டம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. இனிப் பயன்படாது என்று தள்ளப்பட்ட பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், தொழிலாளர் நாவில் தேய்ந்து அப்படியாயிற்று. துண்டு என்னும் பொருளில் தமிழிலும் கண்டம் உண்டு என்பது தற்செயலான பொருத்தம். உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய பாகம் கண்டமானால், அது வேறு வழியாகத் திரும்பவும் வண்டியில் ஏறிவிடாதபடி சிதைத்துவிட வேண்டும் என்பது பெரியவர் பழகிய முறை. வெளுத்துப் பளபளவென்று இருக்கும் பாகம்தான் ஏமாற்றும் என்பார் அவர்.

மறுநாள் காலை திண்ணையில் பழைய கோணிப்பையை விரித்தார். கிராங்கை வைஸில் பற்றவைத்து, கோடு விழுந்த இடத்துக்குச் சற்று மேலே இரும்பறுக்கும் ரம்பத்தை வைத்தார். அலுமினியம் மென்மையானது, அறுபட அதிக நேரம் ஆகாது. ஆயினும், கைநடுக்கத்தால் இரண்டு முறை நிறுத்தவேண்டியிருந்தது. மூன்றாம் முறை பேத்தி ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். துண்டு கோணியின்மேல் ஓசையின்றி விழுந்தது.

"பட்டியல்ல ஏழாவது வரிய அடிச்சிடவா தாத்தா?"

"அடிக்க வேண்டாம். பக்கத்துல கண்டம்னு எழுது."

மற்றவை ஒரு வாரத்தில் பெங்களூருக்குப் புறப்பட்டன. வந்த பணத்தில் முன்னறைக்கும் படுக்கையறைக்கும் தளம் போடப்பட்டது. சமையலறைக்குத் தகரக் கூரைதான். மகள் தகரத்தின்மேல் மழை விழும் ஓசையைப் பற்றி இன்றும் ஏதாவது சொல்வதுண்டு. அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லாமல் வழங்கும் மிதிவண்டி, அவ்வாண்டு பேத்திக்கும் வந்தது. புதிய வண்டி என்றாலும் ஒவ்வொரு மரையையும் பெரியவர் தம் கையால் இறுக்கினார். இடப்பக்கப் பெடலைப் பேத்தியே எதிர்ப்பக்கமாகத் திருகி மாட்டினாள்.

அறுத்த இரண்டு துண்டுகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயின. முதலில் வந்த அதே வியாபாரி, தராசில் இட்டுவிட்டு அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல சாமானாச்சே, அறுத்துட்டீங்களே அண்ணே" என்றார். அவர் கொடுத்த காசில் பேத்தியின் வண்டிக்கு ஒரு குப்பி எண்ணெய் வாங்கலாம் என்று பெரியவர் கணக்குப் போட்டிருந்தார். போதவில்லை. மீதியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.