கிணற்றுக் கப்பி

கிணற்றில் தொங்கும் கப்பி தண்ணீரின் பாரத்தைக் குறைப்பதில்லை. 10 கிலோ வாளியைத் தூக்க ஏறத்தாழ 98 நியூட்டன் விசை வேண்டும். கப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் கணக்கு. கறாராகப் பார்த்தால் அச்சின் உராய்வுக்காகக் கொஞ்சம் கூடவே இழுக்க வேண்டும். எண்ணெய் காணாத கப்பி கிறீச்சிடுவது அந்தக் கூடுதல் செலவின் சத்தம்.

ஆனாலும் கப்பி பூட்டிய கிணற்றில் இறைப்பது எளிது. காரணம், திசை. கப்பி இல்லையென்றால் குனிந்து நின்று கயிற்றை மேல்நோக்கி இழுக்க வேண்டும்; வாளியோடு தன் மேலுடலின் பாரத்தையும் இடுப்பே தாங்குகிறது. கப்பி அந்த இழுப்பைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நிமிர்ந்து நின்று உடம்பைக் கயிற்றில் சாய்த்தால் போதும். 50 கிலோ எடையுள்ளவரிடம் 490 நியூட்டன் சும்மாவே இருக்கிறதே!

மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையில் இந்த நுணுக்கம் இன்னும் துலக்கம். மாடுகள் சரிவில் இறங்கியபடி வடத்தை இழுக்கின்றன. சரிவு 10 பாகைதான் என்றாலும் அவற்றின் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சரிவின் வழியே செயல்படும். இரண்டு மாடும் சேர்ந்து 600 கிலோ என்றால், 100 கிலோ எடைக்கு ஈடான இழுவை அவை கால் ஊன்றித் தள்ளாமலே கிடைத்துவிடுகிறது. இது இனாம் அல்ல. நீர் அள்ளும் சால் காலியாகத் திரும்பும்போது மாடுகள் தம் உடம்பை மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். கடினமான வேலையை இரண்டு தவணையாகப் பிரித்ததுதான் கமலையின் கெட்டிக்காரத்தனம்.

விசையையே குறைக்க வேண்டுமானால் கப்பியும் சுமையோடு சேர்ந்து நகர வேண்டும். அப்போது கயிற்றின் இரண்டு பக்கங்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் பாதி விசை போதும். ஆனால் சுமை ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். இத்தகைய கப்பிகளைக் கோத்து, ஆட்களும் சரக்கும் ஏற்றிய கப்பலை ஆர்க்கிமிடீஸ் தனியாளாக இழுத்தார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

விசை குறைந்தாலும் வேலை குறையாது. 10 கிலோ தண்ணீரை 10 மீட்டர் உயர்த்த 980 ஜூல் ஆற்றல் வேண்டும். உணவு தரும் ஆற்றலில் சுமார் கால் பங்கையே தசைகள் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிறது. ஆகவே ஒரு வாளிக்கு உடம்பு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கிறது. 4 கிராம் சர்க்கரை தரும் ஆற்றலுக்கு 16 வாளி தண்ணீர்.