செத்தவர்கள் திரும்பும் கதை

காலை நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் கேட்டார்: “இன்னும் சூப்பர்மேன் படிக்கிறீங்களா?” “விட்டுட்டேன்” என்றேன். காரணம் சொல்ல நேரமில்லை.

அப்பா ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யின் ரசிகர். மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவான்; இரும்புக்கை மட்டும் தெரியும். “பத்து மணிக்கு ஜெனரேட்டர் நிக்கிற லயத்துல அவன் என்ன பண்ணுவான்?” என்று சிரிப்பார்.

எனக்கு சூப்பர்மேன். 1992இல் சாகடித்தார்கள், 1993இல் எழுப்பிவிட்டார்கள். பிறகு செத்தவர்கள் பலரும் திரும்பினார்கள். ஒரு கதை புரிய நாலைந்து புத்தகம் தேட வேண்டும். ஆனாலும் வாங்கினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறினார். அதன்பின் வாங்கிய முதல் இதழிலும் செத்த நாயகன் எழுந்து நின்றான். மூடிவிட்டேன்.

அப்பாவின் மாயாவி மட்டும் அலமாரியில் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது.