பொறி எங்கே நின்றது?

1999 ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்து மழையிரவு. குருப்பட்டம் பெற்று ஓராண்டே நிறைந்திருந்த நான், திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ப் பங்கொன்றில் உதவிக் குருவாக இருந்தேன். 108 அவசர ஊர்தி தமிழகத்திற்கு வந்தது 2008 இல்தான். அந்நாளில் எங்கள் ஊரில் நோயாளரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லப் பங்கு இல்லத்தின் பழைய பெட்ரோல் கார் ஒன்றே துணை.

அன்றிரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பேறுகால வலியில் துடித்த மனைவியைத் தாங்கியவாறு ஓர் இளைஞர் நின்றார். உடன் உறவினர் பலர். விரைந்து சென்று சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சினோ உயிர் பெறவில்லை. பத்து முறை முயன்றும் பயனில்லை.

கோயில்பிள்ளையின் மகன் அருகில் நின்றான். பதினைந்து வயதுச் சிறுவன். அன்று மாலை காரைக் கழுவியவன் அவனே. "எஞ்சினில் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டாயே! ஓர் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சீறினேன். அவன் தலைகுனிந்து நின்றான், மறுமொழி கூறவில்லை. வாழைத்தார் ஏற்றிவந்த வேன் ஒன்றை மறித்து அப்பெண்ணை அனுப்பிவைத்தோம். தாயும் சேயும் நலமென்று விடியலில் செய்தி வந்தது.

காலையில் மெக்கானிக் வந்தார். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. நான் உடனே, "அண்ணாச்சி, பையன் தண்ணீர் விட்டுவிட்டான்" என்றேன். அவர் புன்னகைத்து, "அத வண்டி சொல்லட்டும் சாமி. ஒவ்வொண்ணா கேட்டுட்டு வருவோம்" என்றார்.

முதலில் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. ஆகவே எரிபொருள் வருகிறது, குறை வேறிடத்தில். பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வைத்து, என்னை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். பொறி தோன்றவில்லை. அடுத்து, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் சேரும் தடித்த கம்பியை உருவி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பற்றி, உலோகத்திற்குக் கால் அங்குலத் தொலைவில் நிறுத்தினார். அங்கும் பொறியில்லை.

"மூடிக்குள்ள ஈரம் இருந்தா இந்தக் கம்பியில பொறி வந்திருக்கணும் சாமி. மூடிக்கு முன்னாலயே நின்னு போச்சு" என்றார். என் முதல் குற்றச்சாட்டு அங்கேயே வலுவிழந்தது.

பிறகு சிறு சோதனை விளக்கொன்றை எடுத்தார். அதன் ஒரு முனையைக் காரின் உடலிலும் மறுமுனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் இடத்திலும் வைத்தார். விளக்கு எரிந்தது, பேட்டரியின் 12 வோல்ட் அங்கு வரை வந்துவிட்டது. காயிலிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் மறுபக்கத்தில் வைத்து, எஞ்சினைச் சுழற்றச் செய்தார். பாயிண்ட் மூடித் திறக்கும்தோறும் விளக்கு அணைந்து அணைந்து எரிய வேண்டும். அதுவோ அணையாது எரிந்துகொண்டே இருந்தது. பாயிண்ட் வழியே மின்சாரம் செல்லவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் எழும். பாயிண்ட் திறந்த கணத்தில் அப்புலம் சட்டென்று மறைய, பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் பிறந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1910 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற முறை இது. மின்சாரம் முதலில் சேராவிடில், பின்னர் பொறி பிறக்க வழியே இல்லை.

அண்ணாச்சி மூடியைத் திறந்தார். உள்ளே துளி ஈரமும் இல்லை. பாயிண்டின் இரு முகங்களிலும் கிரீஸ் அப்பிக் கிடந்தது.

"யாரு சாமி இவ்வளவு கிரீஸ் வச்சது? இதுக்குக் கடுகளவு போதுமே."

நான்தான் வைத்தேன். முந்தைய நாள் நண்பகலில், புத்தகத்தில் படித்த ஆர்வத்தில், என் கையாலேயே தாராளமாகப் பூசினேன். அதன் பின் வண்டியை எடுக்கவே இல்லை. அச்சு சுழன்றபோது கிரீஸ் சிதறிப் பாயிண்டில் படிந்துவிட்டது. நள்ளிரவில் அந்நினைவு ஒருகணமும் எனக்கு வரவில்லை. சிறுவன் ஊற்றிய நீர் மட்டுமே கண்முன் நின்றது.

அவர் பெட்ரோலில் நனைத்த துணியால் பாயிண்டைத் துடைத்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்காக அளந்து வைத்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முழங்கியது. எனக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை.

அன்று மாலை, இரவில் கூடியிருந்தோரையும் சிறுவனையும் பங்கு இல்லத்திற்கு அழைத்து, தவறு என்னுடையது என்று கூறி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மூடியில பாலிதீன் பை கட்டிட்டுத்தான் சாமி கழுவினேன்."

"நேற்றே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"நீங்க கேக்கலையே சாமி."

இன்றைய கார்களில் பாயிண்ட் இல்லை. அதன் வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. எனினும், பொறி எங்கே நின்றதென்று படிப்படியாகத் தேடும் முறை மாறவில்லை. வீட்டில் ஒன்று பழுதானால் பிள்ளையின் மீது பாயுமுன், அண்ணாச்சியைப் போல முதலில் கேட்டுப் பார்ப்போம். அப்பிள்ளையின் மறுமொழி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.