கைக்கு அடக்கமானது

தொரப்பள்ளியிலிருந்து கர்நாடக எல்லை பக்கம்தான். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். யாரும் யாரென்று கேட்பதில்லை.

எல்லை என்றால் துப்பாக்கி வேண்டும் என்றில்லை. கனடாவின் எல்லை அதிகாரிகள் வெகுகாலம் வெறுங்கையோடுதான் காகிதங்களைப் பார்த்தார்கள். 2007லிருந்துதான் துப்பாக்கி, தேர்வானது 9 மி.மீ. பெரெட்டா. அமெரிக்க எல்லைத்துறை 2019ல் 9 மி.மீ. க்ளாக்கைத் தேர்ந்தது. முன்பிருந்த .40 ரகத்தைவிட இதில் உதைப்பு குறைவு. பிடியின் பருமன், விசையின் இழுப்பு, சிறிய கைக்கும் பொருந்துமா – தேர்வில் பார்ப்பது இவற்றைத்தான். எல்லாம் பிடிப்பவர் சௌகரியம். எதிரில் நிற்பவர் கணக்கில் இல்லை.

2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 ஈழத்தமிழர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். யாரும் சுடவில்லை. பலர் மாதக்கணக்கில் காவலில் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

எங்கள் பாங்க் வாசலில் மாஜி ராணுவத்தார் ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நானறிய அது வெடித்ததில்லை. போன மாதம் ஒரு கிழவிக்குக் கைரேகை பொருந்தவில்லை. பணம் தரமுடியாது என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தாள். "சரிங்க சாமி" என்று போய்விட்டாள்.

அதைத் தேர்ந்தெடுத்தவன் நானில்லை என்று இரண்டு நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் குரலுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.