பாதித் தூரம், அதே நேரம்

சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு 355தான். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்: ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி வரை. இது எங்கிருந்து வந்த கணக்கு என்று தேடப் போனேன்.

முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல். 1996இல் இலங்கை தன் நேரத்தை முன்தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. அதனால் இன்று இரு நாட்டுக்கும் ஒரே மணி. கடிகாரம் நிரபராதி.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமும் அல்ல. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் இதில் அடக்கம். தூரம் குறைந்தாலும் இந்தப் பங்கு குறையாது.

மீதிக் காரணம் விமானத்தில் இருக்கிறது. கொழும்புக்கு ஜெட் போகிறது. பலாலிக்குப் போவதோ ஏடிஆர் 72. இரண்டு இறக்கைகளிலும் விசிறி சுழலும், எழுபதுக்குச் சற்று மேல் இருக்கைகள் கொண்ட விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் போனால் பெரிது. பெரிய ஜெட்டை இறக்கப் பலாலியின் ஓடுபாதை போதாது. பறக்கும் பாதை என்னவோ கிட்டத்தட்ட தெற்கு நோக்கிக் கோடு கிழித்த மாதிரிதான்: தமிழகக் கரையை வலப்பக்கம் விட்டு, கோடியக்கரைக்குக் கிழக்கே கடல் தாண்டினால் பலாலி.

இந்தக் கோட்டின் பிறப்பைத் தேடினால் 1947 டிசம்பர் 10 வருகிறது. அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள பலாலியில் இறங்கி, மதராஸுக்கு வந்தது. பலாலித் தளமே இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி. அந்த வேகத்தில் பலாலி–மதராஸ் தூரத்தைக் கடக்க ஒன்றேகால் மணி போதும். ஏறக்குறைய எண்பது ஆண்டு வளர்ச்சி மிச்சப்படுத்தியது, வானத்தில் அரை மணிக்கும் குறைவு!

உண்மையில் நேரத்தைத் தின்றது இலங்கையின் உள்நாட்டுப் போர். பலாலி உயர் பாதுகாப்பு வலயமான பிறகு, யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர வேண்டுமானால் தெற்கே 400 கிலோமீட்டர் தரைவழியே கொழும்புக்குப் போய், அங்கிருந்து வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 355 கிலோமீட்டர் பயணம் ஆயிரத்தைத் தாண்டியது. பஸ்ஸிலும் ரயிலிலும் போன நேரத்தை எந்த டிக்கெட்டும் காட்டவில்லை.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா மூடியது. 2022 டிசம்பரில் மீண்டும் அலையன்ஸ் ஏர், 2024 செப்டம்பரில் இண்டிகோ. இரண்டும் ஏடிஆர்தான். ஓடுபாதை நீளாதவரை சென்னை–பலாலி டிக்கெட்டில் இந்த ஒன்றேகால் மணி குறைய வழியில்லை.