மேசை பிடித்த மறுமுனை

"ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?" என்று பெரியோர் கேட்பார்கள். எழாதுதான். ஆயினும், உடன் வரவேண்டிய மறு கை வராமற்போன ஓர் இரவில், ஒற்றைக் கையாலேயே வேலையை முடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவரை நாங்கள் அறிவோம். அவர் எங்கள் அப்பா. வராமற்போன அந்த மறு கை நாங்கள்தாம்!

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கடை. எங்கள் தாத்தா தூரிகை பிடித்துப் பெயர்ப்பலகை எழுதியவர். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பிளெக்ஸ் பலகைகள் பெருகப் பெருக, தூரிகைக்கு வேலை குறைந்தது. அப்பா கணினியும் பிளாட்டர் இயந்திரமும் வாங்கி, வினைல் ஸ்டிக்கரில் எழுத்து வெட்டித் தரும் தொழிலைத் தொடங்கினார். அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார். பிள்ளைகள் நாங்கள் இருவர். பத்தாம் வகுப்பில் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் ஒருத்தி.

ஸ்டிக்கர் என்றால் உரித்து ஒட்டுவதுதானே என்று நம் பள்ளித் தோழியர் நினைக்கலாம். அது அவ்வளவு எளிதன்று. பிளாட்டரின் கத்தி மேலே உள்ள வினைலை மட்டும் வெட்டும், அடித்தாளை வெட்டாது. பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியையும், 'க', 'த' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துணுக்குகளையும் சிறு இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். எஞ்சிய எழுத்துகள் அடித்தாளின்மேல் தனித்தனியே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக உரித்துக் கண்ணாடியில் ஒட்டினால் வரி கோணலாகிவிடும். எனவே எல்லா எழுத்துகளின்மேலும் டிரான்ஸ்பர் டேப் என்னும் அகலமான ஒட்டுத்தாளை ஒட்டி, வரி கலையாமல் மொத்தமாகத் தூக்க வேண்டும்.

இதில் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. வினைல் தன் அடித்தாளை மிக மெல்லப் பற்றியிருக்கும். டேப் வினைலை அதைவிட வலுவாகப் பற்றும். கண்ணாடியில் ஒட்டிய வினைலின் பிடியோ எல்லாவற்றிலும் வலியது. அதனால்தான் எழுத்து அடித்தாளை விட்டு டேப்புக்கும், டேப்பை விட்டுக் கண்ணாடிக்கும் போகிறது.

டேப்பை ஒட்டுவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, மற்றவர் மறுமுனையிலிருந்து தேய்த்துக்கொண்டு வருவார். உதவிக்கு இருந்த அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனபின், "அம்மாடி, இந்த முனையக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று அப்பா எங்களை அழைப்பது வழக்கமாயிற்று. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு என்ற எண்ணம் எங்களை ஆட்டிவைத்தது. எழும்போதெல்லாம் முணுமுணுத்தோம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை இரவு. 'பல் மருத்துவமனை' என்று ஆறடி நீளத்தில் ஒரு வரி. மறுநாள் காலை ஒட்டியாக வேண்டும். அப்பா அழைத்தார். எங்கள் காதில் விழுந்தது. விழாததுபோல் பாடத்தை உரக்கப் படித்தோம். மீண்டும் அழைத்தார். இன்னும் உரக்கப் படித்தோம். மூன்றாம் முறை அவர் அழைக்கவில்லை. 'தப்பித்தோம்' என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

காலையில் எழுந்து பார்த்தபோது குப்பைக்கூடையில் ஒரு பெரிய கசங்கல். பிடிப்பாரற்ற டேப் சுருண்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு, எழுத்துகளின்மேல் சாய்வாக விழுந்திருக்கிறது. பிரிக்க முயன்றபோது எழுத்துகளும் சேர்ந்து வந்து மடங்கிவிட்டன. ஆறடி வினைலும் ஆறடி டேப்பும் வீண்! 'ல்' எழுத்தின் புள்ளி மட்டும் தனியே பிய்ந்து கூடையின் விளிம்பில் ஒட்டியிருந்தது.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அப்பா தூங்கல" என்றார் அம்மா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

கடைக்குள் சென்றோம். மேசைமேல் புதிதாக வெட்டிய வரி, டேப் ஒட்டி, ஒரு சுருக்கமுமின்றித் தயாராக இருந்தது. தனி ஆளாக எப்படிச் செய்தார்? கேட்க நாவெழவில்லை. தங்கைதான் மெல்லக் கேட்டாள். அப்பா கோபமேதுமின்றி, ஒரு துண்டு வினைலில் செய்து காட்டினார்.

முதலில் எழுத்துள்ள தாளின் நான்கு மூலைகளையும் மாஸ்கிங் டேப்பால் மேசையோடு அசையாமல் ஒட்டினார். பிறகு டிரான்ஸ்பர் டேப்பைத் தேவையான நீளத்துக்கு வெட்டாமல், உருளையாகவே எடுத்தார். எழுத்துகளுக்கு அப்பால், வெறும் மேசைமேல் அதன் நுனியை அழுத்தி ஒட்டினார். இனி அந்த முனையை மேசை பிடித்துக்கொள்ளும்! இடக்கையால் உருளையைத் தாழ்வாக, விறைப்பாகப் பிடித்து, வலக்கையிலுள்ள தேய்ப்புத் தகட்டால் நடுவிலிருந்து இருபுறமும் தேய்த்தபடி, சிறிது சிறிதாக உருளையை முன்னே நகர்த்தினார்.

"எல்லாம் முதல் அங்குலத்துலதான் இருக்கும்மா. அது நேரா விழுந்தா மத்ததெல்லாம் நேரா வரும். கோணினா பாதியில திருத்த முடியாது" என்றார்.

அடுத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டார். எழுத்தை அடித்தாளிலிருந்து தூக்காமல், அடித்தாளைப் பின்னோக்கி மடித்து எழுத்திலிருந்து உரித்தார். சரியாக அழுத்தாத இடத்தில் புள்ளிகள் தாளோடு தங்கிவிடும் என்றும், அப்போது தாளை மீண்டும் படியவைத்து அவ்விடத்தைத் தேய்க்க வேண்டும் என்றும் சொன்னார். "ஒரு புள்ளி போச்சுன்னா 'பல் மருத்துவமனை', 'பல மருத்துவமனை' ஆயிடும்" என்று அவர் சொல்ல, நாங்கள் சிரித்துவிட்டோம். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அன்று காலை அவர் அழைக்காமலே உடன் சென்றோம். அங்கும் தனி ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார். வரியை அளந்து கண்ணாடியில் பொருத்தி, இரு சொற்களுக்கும் இடையே மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டினார். அது கதவுக்குக் கீல்போல ஆயிற்று. வலப்பாதியை மடித்து, அடித்தாளைக் கீல்வரை உரித்துக் கத்தரித்துவிட்டு, கீலிலிருந்து வெளிநோக்கித் தேய்த்தார். பிறகு கீலை எடுத்துவிட்டு இடப்பாதியையும் அவ்வாறே முடித்தார். டேப்பை மெல்லப் பின்னோக்கி மடித்து உரித்தபோது, எழுத்துகள் தாத்தா தூரிகையால் எழுதியவைபோல் நேராக நின்றன.

அந்த மாஸ்கிங் டேப்பை 1925-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்பவர் உருவாக்கினார். காருக்கு இரு வண்ணம் பூசியவர்கள், மறைப்புக்காக ஒட்டிய தாளை எடுக்கும்போது வண்ணமும் பெயர்வதைக் கண்டு வருந்தினார்கள். அதைப் பார்த்தே அவர் அதை உருவாக்கினாராம். பிறர் படும் துன்பத்தைக் கண்டு நின்ற ஒருவரால் உலகுக்கு ஒரு பொருள் கிடைத்தது. ஒரே வீட்டிலிருந்தும் அப்பாவின் துன்பத்தைக் காணாதிருந்தோமே நாங்கள்!

இப்போது அப்பா எங்களை அழைப்பதில்லை. அவருக்குத் தேவையுமில்லை. அதுதான் எங்களை வாட்டுகிறது. தனியே செய்யும் வழி இருக்கிறது என்பதற்காக ஒருவரைத் தனியே விட்டுவிடலாமா? அவர் கற்றுக்கொண்டது அவருடைய திறமை. கற்கும்படி விட்டது எங்கள் குற்றம்.

ஆகவே, கடையில் விளக்கெரியும் இரவுகளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடம் போய் நிற்கிறோம். அதனால் எங்கள் மதிப்பெண் குறைந்துவிடவில்லை. முதல் நாள் அப்பா எங்களை நிமிர்ந்து பார்த்தார். மேசையில் ஒட்டப்போன முனையை எடுத்து, ஒன்றும் பேசாமல் எங்கள் கையில் கொடுத்தார்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் ஏதோ ஒரு முனையைப் பிடிக்க உங்களை அழைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாம் முறை அழைக்கும்வரை காத்திராதீர்கள். மூன்றாம் அழைப்பு வராமலே போகலாம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி