பாட்டுக்குப் போட்ட பூட்டு

எண்பதுகளில் திருகோணமலையில் பாட்டு வேண்டுமென்றால் ரெக்கோடிங் பாருக்குத்தான் போவோம். விருப்பமான பாடல்களைக் கொப்பித் தாளில் எழுதி, வெற்றுக் கசெற்றோடு கொடுத்துவிட்டு வரவேண்டும். எடுக்கப் போகும்போது கடைக்காரத் தம்பி, "பின்பக்கத்தை உடைச்சு விடட்டோ, அண்ணை?" என்று கேட்பார். கசெற்றின் முதுகில் இரண்டு மூலையிலும் நகமளவு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் பாட்டின்மேல் வேறொன்றும் பதியாது. பிறகு மனம் மாறினால் அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். காசு கொடுத்தவர் கையிலேயே இருந்த பூட்டு அது.

அடுத்து வந்த பூட்டுகளோ காசு கொடுத்தவரையே கள்ளனாகப் பார்த்தன. கம்பியூட்டரில் பிரதி எடுக்கவே முடியாது என்று விற்ற சில சீடிகளின் பூட்டு, 2002இல் விளிம்போரம் மார்க்கர் பேனையால் இழுத்த ஒரு கோட்டில் திறந்துகொண்டது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சீடிகள், போட்ட கம்பியூட்டருக்குள் கேளாமலே ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தன. அந்த மறைவிடத்துக்குள் வைரஸ்களும் புகுந்தன. இலட்சக்கணக்கான சீடிகளைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று.

எந்தப் பூட்டைப் போட்டாலும் பாட்டு கடைசியில் காதுக்கு வந்தாக வேண்டும். காதுக்கு வருவதைப் பதியவும் முடியும். யாரோ ஒருவர் எடுத்த ஒரு பிரதி போதும், உலகம் முழுக்கப் போய்விடும். மினக்கெடுவது கடையில் வாங்கியவர்தான். பெரும்பாலான சீடிகள் பூட்டில்லாமல் விற்கும்போது இணையப் பாட்டுக்கு மட்டும் பூட்டு எதற்கு என்று 2007இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கமாகக் கேட்டார். 2009இல் அந்த நிறுவனத்தின் ஐடியூன்ஸ் இணையக் கடையின் பாடல்களிலிருந்து பூட்டு நீங்கியது. அதற்குப் பிறகும் அங்கே பாட்டு விற்றது. எளிதாகவும் கட்டுப்படியான விலையிலும் கிடைத்தால் மனிதர் காசு கொடுப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

ஆனால் பூட்டு இல்லை என்பதற்காகப் பாட்டு இலவசம் ஆகிவிடாது. அன்று நாங்கள் ரெக்கோடிங் பாரில் கொடுத்த காசு, பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ போய்ச் சேர்ந்ததில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உட்துறைமுக வீதிப் பக்கம் மாலையில் போனால் போனில் பாட்டுக் கேட்டபடி பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நம்மூர்ப் பிள்ளை ஒருவர் பாட்டு வெளியிட்டால், வாட்சப்பில் வரட்டும் என்று காத்திராமல் காசு கொடுத்து வாங்குங்கள்.